குள்ளர் எனப் பெயரிட்டவர் யார்?



கணினித் திரையிலே கற்பனை உலகமொன்றை விரித்து, அதனுள் நம்மையும் ஒரு பாத்திரமாக உலவவிடும் விளையாட்டுக்கள் இந்நாளில் இளைஞரிடையே பெருவழக்காக உள்ளன. அவ்வுலகங்களிலே நாடுகள் உண்டு, இனங்கள் உண்டு, அரச மரபுகளும் போர்களும் உண்டு. அவற்றில் ஊன்றி ஈடுபடும் மாணவர் ஒரு குறையை அடிக்கடி எடுத்துரைப்பர். ஒரே இனத்தாருக்கு ஓரிடத்தில் ஒரு பெயரும் மற்றோரிடத்தில் வேறொரு பெயரும் வழங்குகின்றன. இஃது ஆக்கியோரின் கவனக்குறைவு அன்றோ என்பது அவர்தம் வினா. விளையாட்டைப் பற்றிய பேச்சுத்தானே என்று இவ்வினாவைத் தள்ளிவிடுதல் தகாது. இனப்பெயர் யார் வாயிற் பிறக்கிறது என்னும் பெரிய விடயம் இதனுள் அடங்கியிருக்கிறது.

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கிய 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்னும் விளையாட்டு வரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் களம் டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டம். அக்கண்டத்தின் சதுப்புநிலத்திலே பல்லியுருக்கொண்ட மக்கள் வாழ்கின்றனர். வெளியார் அவர்களை ஆர்கோனியர் என்பர். அவர்களோ தம்மைச் சாக்ஸ்லீல் என்று சொல்லிக்கொள்வர். நிலத்தடியிற் பெரும்பொறிகளை இயற்றி, பின்னர் ஒருங்கே மறைந்துபோன ட்வெமர் என்னும் மற்றோர் இனத்தாரைப் பொதுமக்கள் 'குள்ளர்' என்றே வழங்குவர். உண்மையில் அவர்கள் குள்ளர் அல்லர். அவர்களைக் கண்டு அப்பெயரை இட்டவர்கள் இராட்சதர்களாம்! இராட்சதன் கண்ணுக்கு யார்தாம் குள்ளர் அல்லர்? இவ்விடத்திலே பெயர் மாறுபடுதல் குறையன்று. சொல்லுகிறவன் எங்கே நின்று சொல்லுகிறான் என்பதை அது காட்டுகிறது.

ஆயினும் எல்லா மாறுபாட்டுக்கும் இந்தச் சமாதானம் பொருந்தாது. அதே வரிசையின் முதல் விளையாட்டில் கண்டத்தின் நடுப்பகுதி வெறுமனே 'பேரரசு மாகாணம்' எனப்பட்டது. பின்வந்தவற்றில் அது சிரோடில் ஆயிற்று. அங்கு வாழ்வோரை விளையாடுவோர் தம் பாத்திரமாகத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு 2002இல் வந்த 'மொரோவிண்ட்' விளையாட்டிலேதான் கிடைத்தது. அப்போதும் 'இம்பீரியல்', அதாவது பேரரசினர், என்னும் ஆட்சியின் பெயரையே இனத்தின் பெயராகவும் சூட்டினர். கட்டடம் எழுந்தபின் அத்திவாரம் தோண்டிய கதை இது என்பதே என் கருத்து. மாணவர் குறை கூறுவது இங்கே நியாயம்.

இத்தகைய உலகங்கள் பலவற்றுக்கு மூலவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டோல்கீன் ஆவார். பழைய ஆங்கிலத்தைக் கற்பித்த மொழியறிஞர் அவர். 1937இல் வெளிவந்த 'ஹொபிட்' என்னும் கதையிலே கொடிய படையினரைப் பெரும்பாலும் 'கோப்ளின்' என்று எழுதினார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்த பெருநூலிலே அதே கூட்டத்தாரை 'ஓர்க்' என்றார். இரண்டும் ஒன்றே என்பது அவர் கொள்கை. ஆனால் நிகழ்ந்தது யாது? 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' என்னும் விளையாட்டை ஆக்கியோர், கோப்ளின் ஓரினம், ஓர்க் மற்றோரினம் எனப் பிரித்து வைத்தனர். பின்வந்த விளையாட்டுக்கள் பலவும் அவ்வழியே சென்றன. ஓரினத்தின் இரு பெயர்கள் ஈரினங்களைப் பெற்றெடுத்துவிட்டன!

ஹொபிட்டுகளின் கதையோ இதனினும் இரங்கத்தக்கது. அச்சிறிய மக்கள் தம்மை ஹொபிட் என்பர். உயர்ந்த உடலினராகிய மனிதர், தம் உயரத்தையே அளவுகோலாக வைத்து, அவர்களை 'அரையாள்' என்னும் பொருள்படும் 'ஹாஃப்லிங்' என்ற சொல்லால் அழைப்பர். மேற்சொன்ன அமெரிக்க விளையாட்டிலே முதலில் ஹொபிட் என்ற பெயரே இருந்தது. டோல்கீன் ஆக்கங்களின் வணிக உரிமை பெற்றோர் சட்டமுறையில் ஆட்சேபித்தமையால், 1970களின் பிற்பகுதியில் அது நீக்கப்பட்டது. அதன் இடத்திற் புகுந்தது ஹாஃப்லிங். அம்மக்கள் தமக்குத் தாமே வழங்கிய பெயர் பிறரது உடைமையாயிற்று. அயலார் அளந்து இட்ட பெயர்தான் அவர்களுக்கு மிஞ்சிற்று. கற்பனை மாந்தர்க்கு நேர்ந்ததாயினும், இதனை நான் வேடிக்கையாகக் கொள்ளமாட்டேன்.

மெய்யுலகம் இதற்கு வேறுபட்டதன்று. ஜேர்மனியரைப் பிரெஞ்சுக்காரர் அலமான்னி என்ற பழங்குடியின் பெயராலும், பின்லாந்தியர் சாக்சன் என்ற குடியின் பெயராலும் சுட்டுகின்றனர். அவர்களோ தம்மை டொய்ச் என்பர். நம் பழந்தமிழ் நூல்கள் யவனர் எனக் குறிப்பதும் அயோனியர் என்னும் ஒரு பிரிவினரின் பெயரிலிருந்து வந்ததே. வேல்ஸ் நாட்டவரின் நிலையைப் பாருங்கள். 'வேல்ஸ்' என்பதன் அடிச்சொல் பழைய ஆங்கிலத்திலே அந்நியரைக் குறித்தது. தம் சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கு, பின்னர் வந்து குடியேறியோர் இட்ட பெயர் 'அந்நியர்'! அம்மக்கள் தம்மைக் கம்ரி, அதாவது ஒரே நாட்டுத் தோழர், என்று அழைத்துக்கொள்கின்றனர். டோல்கீன் இச்சொல்லின் வரலாற்றை ஒரு சொற்பொழிவிலே விரிவாக ஆராய்ந்தார். அதனை அவர் நிகழ்த்திய நாள் 1955 ஒக்டோபர் 21. அவரது பெருநூலின் இறுதிப் பகுதி வெளியானதற்கு மறுநாள்.

அப்பெருநூலிலே றோஹான் என்னும் குதிரைவீரர் நாடு வருகிறது. றோஹான் என்பதும் அண்டை நாடாகிய கொண்டோர் வழங்கிய பெயரே. உள்நாட்டார் அதனை 'மார்க்' என்பர். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்நிலத்தைக் கொண்டோர் ஆட்சியாளர் அவ்வீரர்க்கு வழங்கினர். அதனால் மலையடிவாரத்துக்கு ஒதுக்கப்பட்ட குடியினரின் சினம் தணியவில்லை. கருநிற மயிரும் மாநிற மேனியும் உடையவர் என்பதால் வீரர் அவர்களை 'டன்லெண்டிங்' என்றனர். அவர்களோ வீரரின் பொன்னிற மயிரை இகழ்ந்து 'ஃபோர்கோயில்', அதாவது வைக்கோற்றலையர், என்று கூவிக்கொண்டு போருக்கு வந்தனர். இரு பெயர்களும் வசைகளே. ஆனால் வேறுபாடொன்று உண்டு. வென்றவர் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்பதை நூல் சொல்கிறது. தோற்றவர் தம்மை எவ்வாறு அழைத்தனர் என்பதை எங்கும் சொல்லவில்லை. பகைவர் இட்ட பெயரிலேயே அவர்கள் கதைக்குள் நுழைந்து, அதே பெயரிலேயே வெளியேறுகின்றனர்.

அந்நூலைத் தழுவி 2007இல் இணையவழி விளையாட்டொன்று வெளிவந்தது. 2011இல் அதனுடன் மலையடிவார நாட்டைச் சேர்த்தபோது, அதனை ஆக்கியோர் அங்குள்ள குலங்களுக்குத் தனிப்பெயர்கள் சூட்டினர். ஹெபொக்-லூத் என்பது பருந்துக் குலம். ட்ரைக்-லூத் என்பது ட்ராகன் குலம். ஹெபொக், ட்ரைக் ஆகிய சொற்களை அவர்கள் எடுத்தது வேல்ஸ் மொழியிலிருந்து.