கடனறிந்த வழக்குரைஞர்

(வ.உ. சிதம்பரனார் பிறந்தநாட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கப்பலோட்டிய தமிழர் என்று சிதம்பரனாரைப் போற்றாத மேடை இல்லை. யானும் பன்முறை அவ்வாறே போற்றியுள்ளேன். இன்று அக் கப்பலைக் கரையில் நிறுத்திவிட்டு, அவர்தம் மனைக்குள் உங்களை அழைத்துச் செல்ல விழைகின்றேன்.

5.9.1872-இல் ஓட்டப்பிடாரத்தில் வழக்குரைஞர் உலகநாதனாரின் மகனாகப் பிறந்தார். தாமும் அத் தொழிலையே கற்றார்; ஏழையர்க்குக் கூலி கருதாது வழக்காடினார். அதனால் அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டு, 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

பார்வையிழந்த தேசிகர் ஒருவரை அவர் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். குலப்பிரிவு பேசி உறவினர் பழித்தனர். முதல் மனைவியார் வள்ளியம்மையாரோ மனமுவந்து அவருக்கு உணவு படைத்தார். மேடையில் நாம் முழங்கும் சமன்மை அவ் வீட்டின் அடுக்களையிலேயே இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தோன்றியது. 7.7.1908-இல் இரட்டை வாழ்நாள் ஒறுப்புத் தீர்ப்பும் வந்தது. அப்போது அவருக்கு அகவை 35. மேல்முறையீட்டில் ஒறுப்புக் குறைந்தது. ஆயினும் அத் தீர்ப்பைக் கேட்ட அளவில் அறிவு திரிந்த இளவல் மீனாட்சிசுந்தரம் பழைய நிலைக்கு மீளவேயில்லை. வள்ளியம்மையார் மறைந்தபின் வந்த மீனாட்சியம்மையாரோ மக்களை வைத்துக்கொண்டு அந் நெடும்பிரிவைத் தாங்கினார். சிதம்பரனார் இழுத்த செக்கை நாம் பாடுகின்றோம். அவர் மனையார் இழுத்த செக்கை யார் பாடினர்?

1912-ஆம் ஆண்டிறுதியில் அவர் விடுதலையானபோது கப்பலும் இல்லை, பொருளும் இல்லை, வழக்காடும் உரிமையும் இல்லை. சென்னையில் வறுமையோடு போராடிக்கொண்டே மனைவி மக்களைக் காத்தார். அவ் வறுமைக்கிடையிலும் 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பின்னர் வெளியிட்டார். அரிசிக் கவலையுள்ள வீட்டில் ஏட்டுச் சுவடிக்கும் இடமிருந்தது!

பின்னர், வாலேசு என்னும் ஆங்கில நடுவரால் வழக்காடும் உரிமை மீண்டது. அந் நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தூய தமிழ்ப்பெயர் வேண்டும் நமக்கு இப் பெயர் திகைப்பூட்டும். எனக்கும் ஒருகால் ஊட்டிற்று. எண்ணியபின் தெளிந்தேன். ஆங்கில ஆட்சியை வேரோடு வெறுத்தவர், ஆங்கிலர் ஒருவர் செய்த நன்மையை ஒளிக்கவில்லை. பகைவரிடத்தும் நன்றியறிதல் தமிழ்ப் பண்பன்றோ? பெயரில் தமிழ் குறைந்திருக்கலாம். பெயரிட்ட உள்ளத்தில் குறையவில்லை.

18.11.1936-இல் அவர் மறைந்தார். மறையுமுன் எழுதுவித்த விருப்ப ஆவணத்தில், துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தரவேண்டிய கடன்களைக் குறிப்பிட்டிருந்தார். நாட்டுக்கு எல்லாம் ஈந்தவர், கடைக்காரரின் சிறு கடனையும் மறக்கவில்லை. நாடு அவருக்குப் பட்ட கடனை எந்த ஆவணத்தில் எழுதிற்று?

அன்பர்களே! நம் இயக்கத்திலும் மொழிக்காகச் சிறை செல்வோர் உண்டு. அவர் கழுத்தில் மாலையிட்டு வழியனுப்புகின்றோம். மறுநாள் அவர் வீட்டில் அடுப்பெரிந்ததா என்று கேட்டோமா? அவர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோமா? கேளாத குற்றம் எனக்கும் உண்டு. இல்லறத்தை முன்வைத்தே துறவறம் கூறினார் வள்ளுவர். ஈகியின் வீட்டைக் காவாத இயக்கம் மொழியைக் காக்கும் என்று யார் நம்புவர்?

ஆதலின், சிதம்பரனார்க்கு மாலை சூட்டுமுன், உங்கள் தெருவிலுள்ள ஈகியர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அதுவே அவர்க்கு நாம் இறுக்கும் முதற் கடன்.

வாழ்க தமிழ்! வாழ்க சிதம்பரனார் புகழ்!