கருவுற்ற தாய்மாரும் மருத்துவ ஆய்வும்

(ஈப்போ வட்டாரத் தோட்டத் தாய்மாரிடையே நிகழ்த்திய உரை)



37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அஃது உண்மையன்று. கருவறையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமையே சேர்க்கிறது.

குறைப்பிரசவத்தைத் தடுக்க வழி தேடி இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, கொங்கோ, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. தலைப்பிள்ளையைச் சுமந்த 11,976 பெண்கள் அதில் பங்கேற்றனர். கர்நாடகத்தின் பெலகாவி வட்டாரப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரையும், மறுபாதியினருக்கு மருந்து கலவாத மாத்திரையும் வழங்கப்பட்டன. எவருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. 2020இல் முடிவு வெளியானது. மருந்து பெறாதோரில் ஆயிரத்துக்கு 131 பேருக்குக் குறைப்பிரசவம் நேர்ந்தது. மருந்து பெற்றோரில் அது 116 ஆகக் குறைந்தது. அதற்காக எவரும் தாமாகவே ஆஸ்பிரின் வாங்கி உண்ணலாகாது. அது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே அறிவார்.

ஆய்வு நம் நாட்டிற்குப் புதிதன்று. 1907இல் நெகிரி செம்பிலானில், சாலை அமைக்க வந்த ஜாவானியத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடையே ஃபிரேசர், ஸ்டேன்டன் என்னும் மருத்துவர்கள் ஆய்வு நடத்தினர். தீட்டிய வெள்ளை அரிசி உண்டோரைப் பெரிபெரி நோய் தாக்கியது. புழுங்கல் அரிசி உண்டோர் தப்பினர். அவ்வறிவு பல உயிர்களைக் காத்தது. ஆயினும், பங்கேற்போரின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெறவேண்டும் என்னும் விதி அக்காலத்தில் இல்லை.

இன்று நிலை வேறு. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் மருத்துவ ஆய்வு மையம் இயங்குகிறது. இத்தகைய இடங்களில் உங்களை ஆய்வில் சேர அழைக்கக்கூடும். அவ்வாறு அழைத்தால் அஞ்சவும் வேண்டாம். கேளாமல் கையொப்பமிடவும் வேண்டாம். இது எதற்கான ஆய்வு? எனக்கும் குழந்தைக்கும் என்ன தீங்கு நேரலாம்? நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? நெறிமுறைக் குழு இதற்கு அனுமதி அளித்துள்ளதா? இவற்றைக் கேளுங்கள். மலாய் மொழி விளங்காவிடில் தமிழில் விளக்கக் கோருங்கள். தாளை வீட்டிற்குக் கொண்டுசென்று குடும்பத்தாருடன் கலந்து பேசுங்கள். ஆனால் தோட்ட நிர்வாகமோ, மேற்பார்வையாளரோ, கணவரோ, மாமியாரோ உங்களுக்காக முடிவு செய்ய இயலாது.

சேர்ந்த பின்னரும் எந்நாளிலும் விலகலாம். மறுத்தாலும் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தடைபடலாகாது. சேருவீர்களாயின், உங்கள் உதவி நாளை பிறக்கும் எத்தனையோ குழந்தைகளைக் காக்கக்கூடும். அவ்வுதவி மனமுவந்து அளிப்பதாக இருத்தல் வேண்டும்.