அவையஞ்சாமைக்கு முந்தைய அதிகாரம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேச்சுப்போட்டிக்குச் சுற்றறிக்கை வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பக்கம் எழுதித் தருகிறோம். குழந்தை மனப்பாடம் செய்கிறது. மேடை ஏறும்போது "பயப்படாதே" என்று தட்டிக்கொடுத்து அனுப்புகிறோம். ஐந்தாவது வரி மறந்துபோனால் ஆறாவது வரியும் வருவதில்லை. குழந்தை கூரையைப் பார்க்கிறது. கூச்ச சுபாவம் என்று நாமும் முடிவுகட்டிவிடுகிறோம்.

திருக்குறளில் 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. அதற்கு முந்தைய 72ஆம் அதிகாரம் அவையறிதல். நாம் நேராக 73க்குப் போய்விடுகிறோம் என்பதுதான் என் குறை.

எங்கள் பள்ளி வாசலுக்கு ஒரு வேகத்தடை வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைக் கேட்க எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி முன்வந்தாள். தலைவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கினோம். நான் எதுவும் எழுதித் தரவில்லை. "கூட்டத்துக்கு யார் யார் வருவாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"தலைவர், கிளார்க், நூறுநாள் வேலைக்குப் போற அம்மாங்க, எங்க தாத்தா."

"அவங்களுக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரியும்?"

வெகுநேரம் யோசித்தாள். "நாலேகால் மணிக்கு ரோடு எப்படி இருக்கும்னு தெரியாது டீச்சர். அப்ப எல்லாரும் வேலையில இருப்பாங்க."

பேச்சு கிடைத்துவிட்டது. மூன்று நாள் பள்ளிக் கேட்டுக்குள் நின்றபடியே, போகிற வண்டிகளை எண்ணினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று குறித்தாள். அதையெல்லாம் அஞ்சலட்டை அளவு அட்டையில் ஐந்தே சொற்களாகச் சுருக்கினாள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். நெஞ்சு அதிகமாகப் படபடப்பது தொடக்கத்தில்தான். கடைசி வாக்கியத்தில்தான் கோரிக்கை இருக்கிறது, அதை விழுங்கிவிடக்கூடாது.

ஒத்திகை மைதானத்தில். தோழி கடைசி வேப்பமரத்தடியில் நிற்பாள், காதில் விழாவிட்டால் கை தூக்குவாள். இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். குறுக்கே என்ன கேட்பார்கள் என்று வகுப்பே சேர்ந்து யோசித்து, பதில் தெரியாதவற்றை வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்து வந்தார்கள். இந்த ஒரு வேலைக்கே இரண்டு பாடவேளை போனது. போகட்டும் என்றுதான் விட்டேன்.

(படவில்லையில் இருப்பதை அப்படியே வாசிப்பது நம் பயிற்சிகளிலும் நடக்கிறது. அதை இன்னொரு கூட்டத்தில் பேசிக்கொள்வோம்.)

கிராம சபையில் மைக் அவளைவிட உயரமாக இருந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். பாதியிலேயே ஒருவர் எழுந்து, "அது நெடுஞ்சாலைக்காரங்க ரோடு, பஞ்சாயத்து என்னம்மா பண்ணும்?" என்றார். மனப்பாடப் பேச்சாக இருந்தால் அத்தோடு நின்றிருக்கும்.

"அவங்களுக்கு அனுப்ப ஊராட்சித் தீர்மானம் இருந்தா பலம்னு சொன்னாங்க அய்யா. அதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள். அட்டையைப் பார்த்தாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

தீர்மானம் பதிவேட்டில் ஏறியது. வேகத்தடை இன்னும் வரவில்லை. அக்டோபர் 2 கூட்டத்தில் அதை நினைவூட்ட ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை இப்போது அவளே தயார் செய்துகொண்டிருக்கிறாள்.