நாயின் அச்சமும் அதனைத் தீர்க்கும் வழியும்

குரைக்கின்ற நாய் கடிக்காது என்பது பழமொழி. அதனை நம்பிப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே சென்ற பலர், அதன் பொய்ம்மையைத் தம் காலிலே பட்ட பல்லால் அறிந்திருக்கின்றனர். குரைக்கும் நாய் கடித்தலும் உண்டு. கடியாது விடுதலும் உண்டு. ஆயின், அந்த நாய் ஏன் குரைக்கின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. வெளியே ஒருவர் நடந்து போகும்போது மயிர் சிலிர்க்கப் பல்லைக் காட்டிப் பாயும் நாயைக் கண்டு, அதனை வளர்ப்பவர், ‘நல்ல காவல் நாய்’ என்று பெருமை கொள்ளுகின்றார். வழியே போகிறவரோ, ‘பொல்லாத நாய்’ என்று வைதுவிட்டுப் போகின்றார். இருவர் சொல்வதும் பல வேளைகளில் உண்மைக்குப் புறம்பானதாகும். அவ்வாறு பாயும் நாய்களுட் பல, வீரத்தினாற் பாய்வன அல்ல, அச்சத்தினாற் பாய்வன.

அஞ்சிய விலங்கின் முன்னே உள்ள வழிகள் சிலவே. ஓடலாம், அசையாது பதுங்கலாம், இவ்விரண்டும் பயன்படாதவிடத்து எதிர்த்துப் பாயலாம். ஓடுவதற்கு இடமிருப்பின் அஞ்சிய நாய் பெரும்பாலும் ஓட்டத்தையே நாடும். ஆனால், வளவின் மூலையிலே சங்கிலியாற் கட்டப்பட்ட நாய்க்கு ஓடுவதற்கு இடம் ஏது? எஞ்சியிருப்பது பாய்ச்சல் ஒன்றே. தபாற்காரர் வருகின்றார், நாய் குரைக்கின்றது, அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகின்றார். தம் வேலை முடிந்தமையால் அவர் போகின்றார் என்பதை நாய் அறியாது. குரைத்தால் அச்சந்தரும் பொருள் அகன்றுவிடும் என்னும் பாடமே அதற்கு அவர் வருந்தோறும் கற்பிக்கப்படுகின்றது. ஆண்டு முழுவதும் கற்ற பாடத்தை ஒருநாட் கோலால் அழித்துவிடலாம் என்று எண்ணுவது அறியாமையாகும்.

அச்சம் ஒரு நாயின் உள்ளத்திலே எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதை, 1924 ஆம் ஆண்டிலே இரசியாவில் நிகழ்ந்த ஒரு வெள்ளம் அறிஞருக்குக் காட்டியது. லெனின்கிராட் நகரிலே இவான் பவ்லோவ் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் நாய்களைக் கொண்டு பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்து வந்தார். சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 ஆம் ஆண்டிலே நோபெல் பரிசு பெற்றவர் அவர். உணவு கொடுப்பதற்குச் சற்று முன்னர் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்பித்தால், பின்னர் அவ்வொலியைக் கேட்ட அளவிலேயே நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கும் என்பதை அவர் நிறுவினார். பழக்கத்தால் இவ்வாறு உண்டாகும் செயலை நிபந்தனைத் தெறிவினை என்பர்.

அவ்வாண்டு செப்டெம்பர் 23 ஆந் திகதி, நேவா நதி கரைகடந்து நகரினுட் புகுந்தது. ஆராய்ச்சி நாய்கள் இருந்த கூடங்களையும் வெள்ளம் சூழ்ந்தது. காற்றின் இரைச்சலும், அலைகள் கட்டடத்தில் மோதும் ஓசையும், மரங்கள் முறிந்து விழும் ஓசையும் நிறைந்த அவ்வேளையில், நாய்கள் சிறு சிறு கூட்டங்களாக நீந்தச் செய்யப்பட்டுப் பிரதான கட்டடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஒருங்கு சேர்ந்தால் ஒன்றோடொன்று சண்டையிடுவது அந்நாய்களின் வழக்கம். அன்றோ ஒரே இடத்தில் அடைக்கப்பட்டபோதும் சண்டை சச்சரவின்றி ஒடுங்கிக் கிடந்தன.

வெள்ளம் வடிந்தது; நாய்கள் தத்தம் கூடங்களுக்குத் திரும்பின. சில நாய்களிடம் எவ்வித மாற்றமும் காணப்படவில்லை. வேறு சிலவற்றின் நிலை அவ்வாறன்று. பலகாலம் உறுதியாகப் பழகிய தெறிவினைகள் ஒரு நாயிடம் ஏறக்குறைய மறைந்தே போயின. பரிசோதனை மேடையிலே உணவை வைத்தாலும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடலில் நோய் ஏதும் இல்லை. உண்ணவும் கற்கவும் இயலாதவாறு அச்சமே அதனைத் தடுத்தது.

அந்த நாய் தேறிய விதமே இங்குக் கவனிக்க வேண்டியது. பவ்லோவின் ஆராய்ச்சிசாலையிலே நாய் ஓர் அறையில் இருக்கப் பரிசோதகர் வெளியே இருப்பதுதான் முறை. அம்முறையை மாற்றிப் பரிசோதகர் நாயோடு அதே அறையில் இருந்தபோது, அது மீண்டும் உணவை உண்டது. மறைந்த தெறிவினைகளும் திரும்பின. அவர் அகன்றதும் அவை மறுபடி மறைந்தன. பரிசோதகர் உடனிருப்பதும் அகல்வதுமாகப் பல நாட் பழகியபின், நாய் தன் பழைய நிலையை அடைந்தது. அதன் பின்னர், அந்த அறையின் கதவின் கீழாகச் சிறிது நீர் ஓசையின்றி உள்ளே வழியுமாறு செய்தனர். மேடைக்கு அருகே நீர் தேங்கியதைக் கண்ட நாய் துள்ளி எழுந்தது, நிலத்தை வெறித்து நோக்கியது, மூச்சு வாங்க மேடையை விட்டு இறங்க முயன்றது, உணவை மறுத்தது. ஒரு நதியின் வெள்ளம் செய்ததை ஒரு குவளை நீர் மீண்டுஞ் செய்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து மூன்று உண்மைகள் விளங்குகின்றன. அச்சம் கீழ்ப்படியாமை அன்று; அஞ்சிய நாய் கட்டளையை மறுப்பதில்லை, அதனை ஏற்கும் நிலையில் இல்லை என்பது ஒன்று. நம்பிக்கைக்குரிய மனிதர் அருகே இருப்பது அச்சத்தைத் தணிக்கும் என்பது மற்றொன்று. நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சத்துக்கு இடங்கொடுத்ததாகும் என்று கூறுவோர் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் நன்று. தணிந்த அச்சம் முற்றாக அழிவதில்லை, அது மறுபடியும் தலைதூக்கக் கூடும் என்பது மூன்றாவது.

அச்சத்தை முறையாகத் தணிக்கும் வழியை அதே 1924 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மேரி கவர் ஜோன்ஸ் என்னும் உளவியல் அறிஞர் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது நாயை அன்று. மூன்று வயது நிரம்பாத ஒரு சிறுவனை. அச்சிறுவன் முயலைக் கண்டு அஞ்சினான். பஞ்சு, இறகு, மயிர்த்தோற் சட்டை ஆகியவற்றைக் கண்டும் அஞ்சினான். அவன் விரும்பும் உணவை உண்ணுகின்ற வேளையில், கூட்டில் அடைத்த முயலை அவனுக்கு அச்சம் எழாத தூரத்திலே வைத்தனர். பின்னர் நாளடைவில் அதனைச் சிறிது சிறிதாக அண்மையிற் கொணர்ந்தனர். ஈற்றில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். முயலை மிக விரைவாக அண்மையிற் கொணர்ந்தால், முயலின்மேலுள்ள அச்சம் உணவின்மேலும் படர்ந்துவிடும் என்பதையும் அவ்வறிஞர் உணர்ந்திருந்தார். இன்று நாய் பழக்குவோர் கையாளும் சிறந்த முறைக்கு அடிப்படை இதுவே.

சைக்கிளைக் கண்டு பாயும் நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோர் முதலிற் செய்யவேண்டியது தூரத்தை அறிதல். நாற்பது யார் தூரத்திலே சைக்கிளைக் கண்டு நாய் செவியை நிமிர்த்துப் பார்க்கின்றது, ஆயினும் குரைக்கவில்லை, கொடுத்த உணவையும் வாங்கி உண்ணுகின்றது எனின், அந்தத் தூரமே பாடத்திற்கு ஏற்ற இடமாகும். சைக்கிள் கண்ணிற் பட்டவுடன் அவித்த இறைச்சித் துண்டொன்றைக் கொடுத்தல் வேண்டும். அது மறைந்தவுடன் கொடுப்பதை நிறுத்தல் வேண்டும். முதலிற் சைக்கிள், பின்னரே இறைச்சி, இவ்வொழுங்கு மாறலாகாது. மாறினால் இறைச்சியே சைக்கிளின் வருகையை அறிவிக்கும் எச்சரிக்கையாகிவிடும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ, சைக்கிளைக் கண்டதும் நாய் தன்னை வளர்ப்பவரின் முகத்தை ஆவலோடு திரும்பிப் பார்க்கும். அன்றுதான் முப்பத்தைந்து யாருக்கு வரலாம். அதற்கு முன்னர் வருதல் தகாது. நாய் உணவை மறுத்தாலோ, உடல் விறைத்து நின்றாலோ, கண்ணின் வெண்மை தெரியப் பார்த்தாலோ, வாலைக் கால்களிடையே ஒடுக்கினாலோ, பாடம் மிஞ்சிவிட்டது என்று அறிந்து பின்வாங்குதல் வேண்டும். களைப்பின்றிக் கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்புவதும் அச்சத்தின் சிறு குறிகளே. பாடம் ஒருவேளைக்கு ஐந்து நிமிடம் அல்லது பத்து நிமிடம் நடந்தாற் போதும்.

வெடிச்சத்தத்திற்கு நடுங்கும் நாய்க்கும் இதுவே முறை. வேறுபாடு யாதெனின், அங்கே தூரத்திற்குப் பதிலாக ஒலியின் அளவைக் குறைத்தல் வேண்டும். பதிவுசெய்த வெடியொலியை மிக மெல்லிதாகக் கேட்பித்து, உணவோடு சேர்த்துப் பழக்கி, நாள் செல்லச் செல்ல ஒலியைச் சிறிது உயர்த்தலாம். இப்பயிற்சியைத் திருவிழாவுக்குப் பல வாரங்களுக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும். வெடி கொளுத்தும் நாளிலோ நாயை வீட்டினுள்ளே, அது விரும்பும் மூலையிலே, துணையோடு இருத்துதலே தக்கது.

இனி, கோலைப்பற்றி ஒரு சொல். சைக்கிளைக் கண்டு குரைத்த நாயை அடித்தால், அடியின் நோவையும் நாய் சைக்கிளோடு சேர்த்தே நினைவிற்கொள்ளும். முன்னர் அதற்குச் சைக்கிள் ஒன்றே பகை. இப்பொழுது சைக்கிள் வரும்போது எசமானும் பகையாகின்றார். இதனினுங் கேடானது உறுமலைத் தண்டித்தல். உறுமல் என்பது, ‘இதற்குமேல் அணுகற்க’ என்று நாய் கூறும் மொழி. அதற்காக அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடக் கூடும், அஞ்சுவதை விடாது. பின்னர் ஒருநாள், யாதொரு முன்னறிவித்தலுமின்றி அது கடித்துவிடுகின்றது. ‘இதுவரை ஒன்றுஞ் செய்யாத நாய், திடீரென்று கடித்துவிட்டது’ என்று வீட்டார் வியக்கின்றனர். நாய் பலமுறை சொல்லியிருக்கக் கூடும்; சொல்லற்க என்று கற்பித்தவர் அவர்களே.

வந்தபின் தீர்ப்பதிலும் வராமற் காப்பது எளிது. ஐக்கிய அமெரிக்காவின் மேயின் மாநிலத்திலே பார் ஹாபர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆராய்ச்சிசாலையிலே நடைபெற்ற ஒரு பரிசோதனையின் முடிவு 1961 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாய்க்குட்டிகளை உயர்ந்த வேலி சூழ்ந்த நிலத்தில் மனிதத் தொடர்பின்றி வளர்த்து, அவற்றுட் சிலவற்றை இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது வார வயதுகளில் ஒவ்வொரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டனர். வேறு சில குட்டிகள் பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகவேயில்லை. மூன்று வாரக் குட்டி உடனே மனிதரிடம் வந்தது. ஐந்து வாரக் குட்டி சிறிது அஞ்சிப் பின்னர் விரைவில் நெருங்கியது. ஏழு வாரக் குட்டி நெருங்குவதற்குச் சில நாட்கள் எடுத்தது. பதினான்கு வாரம் வரை மனிதரை அறியாத குட்டிகளோ காட்டு விலங்குகளைப்போல நடந்துகொண்டன. அவ்வாராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஸ்கொட், புல்லர் என்னும் இரு அறிஞர் 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும், மூன்றாவது வாரம் முதற் பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலமே நாய் உறவு கொள்ளப் பழகும் காலம் என்று எடுத்துரைத்தது.

ஆகவே, குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரங்களிலேயே அதற்கு உலகத்தைக் காட்டுதல் வேண்டும். குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றியவர், தலைக்கவசம் அணிந்தவர், சிறுவர், முதியவர், ஆடு, மாடு, மோட்டார் வண்டி, இடியோசை ஆகிய யாவும் இனிய உணவோடும் விளையாட்டோடும் அதற்கு அறிமுகமாதல் நன்று. காட்டுதல் வேறு, திணித்தல் வேறு. அஞ்சிப் பின்வாங்கும் குட்டியைப் பலர் கைமாறித் தூக்குவது பழக்குவதாகாது. தடுப்பூசிகள் முடியுமுன் குட்டியை வெளியே கொண்டுசெல்லலாகாது என்று தயங்குவோர் உளர். அமெரிக்காவிலுள்ள விலங்கு நடத்தை மிருகவைத்தியர் சங்கம் 2008 ஆம் ஆண்டில், முதற்றடுப்பூசி இட்டு ஏழு நாட் சென்றபின், ஏழாவது அல்லது எட்டாவது வாரம் முதலே தூய்மையான இடங்களிற் குட்டிகளைப் பழக்கத் தொடங்கலாம் என்று அறிவித்தது. அறியாத நாய்கள் திரியுந் தெருவில் விடாது, கையில் ஏந்திச் சென்று காட்டினும் பயன் உண்டு. எவ்வூரில் எவ்வெத் தடுப்பூசி எப்பொழுது என்பதை மிருகவைத்தியரிடம் கேட்டு நடத்தல் வேண்டும்.

இம்முறைகள் யாவும் கைக்கொண்டபோதும், எல்லா நாய்களும் எல்லாரோடும் இணங்கிவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. இளமையில் மனிதரை அறியாது வளர்ந்த நாய், தன் வீட்டாரிடம் அன்பு கொண்டு பிறரிடம் அச்சம் நீங்காமலே இருக்கலாம். விருந்தினர் வரும்போது அதனை வேறோர் அறையில் இருத்துவது தோல்வியன்று, அறிவுடைமை. வாய்க்கூட்டையும் உணவு கொடுத்தே விருப்பத்தோடு அணியப் பழக்கலாம். திடீரென்று குணம் மாறிய நாய்க்கு உடல்நோவு இருத்தல் கூடும். அச்சம் மிகக் கடுமையாயின் மருந்தின் துணையும் வேண்டியிருக்கும். இவ்விரண்டும் மிருகவைத்தியரின் பொறுப்பு. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் கட்டியுள்ள நாயையும் அணுகலாகாது என்று சிறுவருக்குக் கற்பித்தல் பெற்றோரின் பொறுப்பு. நாய் கடித்துவிடின், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். விசர்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர்பிழைத்தல் மிகமிக அரிது.

அஞ்சும் நாயை வளர்ப்பவருக்கு வேண்டியவை மிகுந்த பொருளும் அன்று. வலிய கையும் அன்று. நாய் அஞ்சாது நிற்கக்கூடிய தூரத்தைக் கண்டறியும் கண்ணும், அங்கிருந்து ஓர் அடி முன்வைக்கப் பல நாட் காத்திருக்கும் பொறுமையுமே வேண்டும். சங்கிலியைக் குறுக்கினால் நாயின் அச்சம் வளரும்; தூரத்தை அறிந்து உடனிருந்து பழக்கினால் அது தணியும். இவ்விரண்டுள் எது நிகழ்வது என்பது நாயின் கையில் இல்லை. அதனை வளர்ப்பவரின் கையிலே உள்ளது.