ஓடாத கம்ப்ரஸரும் ஓட்டக்கூடாத கம்ப்ரஸரும்



கோலார் தங்கவயலுக்கு வடகிழக்கே சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில் பேத்தமங்களா என்னும் சிற்றூர் இருக்கிறது. நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கும் பாலாறு, தமிழகத்தை எட்டுமுன் இவ்வூரில் ஒரு பெரிய ஏரியாகத் தேங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏரி நீரை வடிகட்டிக் குழாய் வழியே தங்கவயலுக்கு ஏற்றி அனுப்பினார்கள். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்று குடியேறிய நம்மவர்கள், பாலாற்றங்கரையை விட்டு வந்த பின்னும் பாலாற்று நீரையே குடித்து வாழ்ந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்த ஏரிக்கரையில் சென்ற கோடையில் ஒரு நடுப்பகலில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். பாடம், காரிலுள்ள குளிர்சாதனத்தைப் பற்றியது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்கள் விடுமுறை தோறும் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் காரில் வருவது இப்போது வழக்கமாகிவிட்டதால், இது பலருக்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

எழுபத்தெட்டு வயதான அத்தையாரை அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து ஆம்பூருக்குப் புறப்பட்டிருந்தோம். அத்தையார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டவர். மாமா நிலத்தடியில் வேலை பார்த்தவர். சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்படுவதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். "போகிற வழியில் பேத்தமங்களா ஏரியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமே" என்றார் அத்தை. ஓசக்கோட்டையிலிருந்து மாலூர், பங்காருப்பேட்டை வழியாகப் பேத்தமங்களா வரை புதிய விரைவுச் சாலையில் வரலாம் என்பதால், நாங்களும் இசைந்தோம்.

ஏரியைப் பார்த்துவிட்டு மீண்டும் வண்டியில் ஏறியபோது மணி பன்னிரண்டு. குளிர்சாதனத்தின் பொத்தானை அழுத்தினோம். காற்று வந்தது, குளிர் வரவில்லை. அரை மணி நேரத்தில் அத்தையாரின் முகம் வாடிவிட்டது. உடன் வந்திருந்த அண்ணன் மகன் முன்மூடியைத் திறந்து பார்த்து, "கம்ப்ரஸர் எடுக்கவில்லை, சித்தப்பா. பிரஷர் சுவிட்சில் உள்ள இரண்டு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் ஓடிவிடும்" என்றான். வெயிலில் வாடும் முதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த யோசனையைக் கேட்டபோது, அது எவ்வளவு இனிமையாகத் தோன்றியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நல்ல வேளையாகச் சாலையோரம் ஒரு மெக்கானிக் கொட்டகை இருந்தது. அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். அத்தையாரை முதலில் நிழலில் கயிற்றுக் கட்டிலில் அமர்த்தி, ஈரத் துண்டும் குடிநீரும் கொடுத்த பின்னரே அவர் வண்டியின் பக்கம் வந்தார்.

அவர் செய்ததைக் கூறுமுன், அந்தப் பொறி இயங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். கம்ப்ரஸர் என்பது குளிரூட்டும் வாயுவை அழுத்திச் செலுத்தும் பம்பு. எஞ்சினின் பெல்ட் அதன் முகப்பிலுள்ள சக்கரத்தை எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் சக்கரம் சுற்றுவதால் மட்டும் பம்பு சுற்றாது. சக்கரத்துக்கு முன்னால் ஓர் இரும்புத் தட்டு, அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு நிற்கும். பின்னாலுள்ள காயிலில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகித் தட்டை இழுத்துச் சக்கரத்தோடு ஒட்டவைக்கும். 'டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். அக்கணமே பம்பு ஓடும். இதற்குத்தான் காந்தக் கிளட்ச் என்று பெயர்.

இந்த வசதி தொடக்கத்திலேயே அமைந்துவிடவில்லை. அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் 1939-இல் தன் கார்களில் குளிர்சாதனத்தை அறிமுகப்படுத்தியபோது அதில் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது. 1950-களில்தான் காந்தக் கிளட்ச் கார்களுக்கு வந்தது. அதன் பின்னரே, எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்பதைப் பொறியே தீர்மானிக்கும் நிலை ஏற்பட்டது.

'கம்ப்ரஸர் ஓடவில்லை' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அன்றுதான் அந்தச் சொல்லில் அடங்கியுள்ள மூன்று பொருள்கள் விளங்கின. ஓடச்சொல்லும் கட்டளை அதற்குப் போய்ச் சேரவில்லை என்பது ஒன்று. கட்டளை சேர்ந்தும் அதனால் ஓட முடியவில்லை என்பது மற்றொன்று. வேண்டுமென்றே அது ஓட விடப்படவில்லை என்பது மூன்றாவது. பெரியவர் இம்மூன்றையும் வரிசையாகச் சோதித்தார்.

முதலில் கட்டளை. காற்றாடி ஓடுகிறதா என்று பார்த்தார். பல கார்களில் காற்றாடி ஓடாவிட்டால் கம்ப்ரஸருக்கு மின்சாரமே போகாது. பிறகு ஃபியூஸைப் பிடுங்கி ஒளியில் காட்டினார், அறுந்திருக்கவில்லை. கம்ப்ரஸருக்குரிய ரிலேயைக் கழற்றி, அதே வகையைச் சேர்ந்த ஹாரன் ரிலேயை அவ்விடத்தில் செருகினார். 'டிக்' ஒலி கேட்கவில்லை. ஆகவே ரிலேயின் மீதும் குற்றமில்லை.

அடுத்து கிளட்ச். எஞ்சினை நிறுத்திவிட்டு, காயிலின் இணைப்பைக் கழற்றி மீட்டர் வைத்தார். மூன்றரை ஓம் காட்டியது. பன்னிரண்டு வோல்ட்டில் இயங்கும் இத்தகைய காயிலுக்கு மூன்று அல்லது நான்கு ஓம் என்பது பொதுவாகச் சரியான அளவு. காயில் அறுந்திருந்தால் மீட்டர் எதுவுமே காட்டாது. பின்னர்த் தட்டின் இடைவெளியில் மெல்லிய தகட்டுக் கேஜைச் செருகிப் பார்த்தார். அங்கே நமக்கு ஒரு செய்தியும் சொன்னார்: "காலையில் நன்றாக ஓடி, எஞ்சின் சூடானதும் எடுக்காமல் போனால், இந்த இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கிறதா என்று பாருங்கள், சார். சூடான காயிலுக்கு இழுக்கும் வலு குறையும். அதற்காகக் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டியதில்லை." எங்கள் வண்டியில் இடைவெளியும் சரியாகவே இருந்தது.

கடைசியாக அழுத்தமானியைக் குழாயில் பொருத்தினார். நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான கார்களில் உள்ளது ஆர்-134ஏ என்னும் வாயு. அது போதிய அளவு இருந்தால், முப்பது பாகை வெப்பத்தில் பொறி நிற்கும்போதே சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 95 பவுண்டு அழுத்தம் காட்ட வேண்டும். அன்றைய வெயிலுக்கு இன்னும் கூடுதலாகவே காட்டியிருக்க வேண்டும். முள் இருபதில் நின்றது. வாயு எங்கோ கசிந்து போயிருந்தது. வண்டியின் முன்புறம் கண்டென்ஸரோடு குழாய் சேரும் இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டி ஒரு கறை தெரிந்தது. "இங்கேதான்" என்று விரலை வைத்தார் பெரியவர்.

அண்ணன் மகன் விடவில்லை. "அப்படியானால் சுவிட்சை மட்டும் இணைத்து, ஆம்பூர் போகிறவரைக்குமாவது ஓட்டிக்கொள்ளலாமே?" என்று கேட்டான்.

பெரியவர் ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். "தம்பி, தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும்? இதுவும் அப்படித்தான். வாயுவோடு சேர்ந்துதான் எண்ணெயும் உள்ளே சுற்றுகிறது. வாயு இல்லையென்றால் எண்ணெயும் வராது. இது கெட்டுப்போய் நிற்கவில்லை. கெட்டுப்போகக் கூடாது என்று நிற்கிறது."

அவர் சொன்னதன் முழுப் பொருளையும் இங்கே விளக்க வேண்டும். அழுத்தம் மிகக் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தைத் தடுத்துவிடும். அதை ஒயர்த் துண்டால் ஏமாற்றினால் கம்ப்ரஸர் எண்ணெயின்றி ஓடிச் சூடேறி, உள்ளே தேய்ந்து, இறுகிப் போகலாம். தேய்ந்த உலோகத் துகள்கள் குழாய்களெங்கும் பரவிவிடும். பல வண்டிகளில் பாட்டரிக்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரையும், சிலவற்றில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பையும் அதே பெல்ட்தான் ஓட்டுகிறது. கம்ப்ரஸர் இறுகிப் பெல்ட் அறுந்தால் வண்டியே நடுவழியில் நின்றுவிடும். மலைப்பாதையில், பிற்பகல் வெயிலில், எழுபத்தெட்டு வயது மூதாட்டியோடு அப்படி நின்றிருந்தால் எங்கள் கதி என்னவாகியிருக்கும்?

கட்டிலில் இருந்த அத்தையார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "உன் மாமாவும் இதைத்தான் சொல்லுவார். மணிச் சைகை வராமல் கூண்டு அசையாது. அவசரம் என்று எவன் கத்தினாலும் அசையாது. அதனால்தான் அவர் தினமும் வீட்டுக்கு வந்தார்" என்றார். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறையே அறுபது பாகைக்கு மேல் கொதித்த சுரங்கங்கள் அவை. வெப்பத்தைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் அவருக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

அன்று மாலை ஐந்து மணி வரை அந்தக் கொட்டகையின் நிழலிலேயே இருந்தோம். பெரியவர் வாயு நிரப்ப மறுத்துவிட்டார். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதுதான் என்றார். வெயில் தாழ்ந்த பின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஆம்பூர் போய்ச் சேர்ந்தோம். மறு வாரம் முறையான பழுதுபார்க்கும் இடத்தில், குழாய் சேரும் இடத்திலிருந்த சிறிய ரப்பர் வளையத்தை மாற்றினார்கள். நைட்ரஜன் செலுத்திக் கசிவு நின்றதைச் சோதித்தார்கள். பம்பு வைத்து உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அளந்து வாயு நிரப்பினார்கள். கம்ப்ரஸர் பழையதேதான், இன்றும் ஓடுகிறது.

இந்நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வண்டியை வேறோரிடத்தில் காட்டியபோது, கசிவைத் தேடாமலே வாயுவை நிரப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்தார்கள். நாமும் கேட்கவில்லை. பிற மொழி பேசும் ஊரில் பழுதுபார்ப்பவரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாததே அதற்குக் காரணம். ஆகையால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரரிடம் "கம்ப்ரஸர் போய்விட்டது" என்று தீர்ப்பைச் சொல்லாதீர்கள். கண்டதைச் சொல்லுங்கள்: காற்று வருகிறதா, 'டிக்' ஒலி கேட்கிறதா, காலையில் குளிர்ந்து பகலில் நிற்கிறதா, வண்டி நிற்கும்போது மட்டும் குளிர் குறைகிறதா? கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் கண்டென்ஸரின் விசிறியைக் குறிக்கும். அது சுழலாவிட்டால் அழுத்தம் அளவு மீறி ஏறி, சுவிட்ச் பொறியை நிறுத்திவிடும். பிறகு, "காயிலை அளந்தீர்களா? அழுத்தம் எவ்வளவு? கசிவு எங்கே?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த மொழியிலும் இவை சிறிய கேள்விகளே. புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உண்டு. அவற்றில் 'டிக்' ஒலி கேட்காதது குறையன்று என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதையில் பொறி நின்றுவிட்டால் முதியோரையும் குழந்தைகளையும் முதலில் நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். மூடிய காருக்குள் வெப்பம் மிக விரைவில் ஏறும். பொறி சில மணி நேரம் காத்திருக்கும். மனித உடல் காத்திராது. பேத்தமங்களாவின் பெரியவர் கைக்கருவியை எடுக்குமுன் ஈரத் துண்டை எடுத்ததை நாங்கள் மறக்கவில்லை.