கரையில் நடந்த வகுப்பு
(ஜமாஅத் கல்விப் பரிசளிப்பு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



 

நமது பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 1980 ஜூலை 18 அன்று, எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளை அங்கிருந்துதான் விண்ணுக்குக் கொண்டு சென்றது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்பது நம் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு, 1979 ஆகஸ்ட் 10 அன்று, அவர் ஏவிய முதல் கலம் இதே கடலில் விழுந்தது என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் இன்று நான் பேச வந்தது ராக்கெட்டைப் பற்றியன்று. அவரை அந்தப் பாதையில் நிறுத்திய ஓர் ஆசிரியரைப் பற்றியே.

இராமேசுவரத்தில் கலாம் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது சிவசுப்பிரமணிய ஐயர் அறிவியல் ஆசிரியராக இருந்தார். ஒருநாள் பறவை எவ்வாறு பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். முடிவில், "புரிந்ததா?" என்று கேட்டார். புரியவில்லை என்று கலாம் கூறினார். வேறு பல மாணவர்களும் அவ்வாறே கூறினர். ஐயர் சினம் கொள்ளவில்லை. அன்று மாலை வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். பறவைகள் சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் நேரில் காட்டினார். பறத்தல் தொடர்பான துறையே தன் வாழ்க்கை என்ற எண்ணம் அன்றுதான் தமக்குள் விழுந்ததாகக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த ஐயர் ஆசாரமான குடும்பத்தவர். ஒருமுறை கலாமைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தார். அவருடைய துணைவியார் தம் சமையலறையில் ஒரு முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் தம் கையாலேயே பரிமாறி, அருகிலேயே அமர்ந்து உண்டார். மறுவாரமும் வருமாறு அழைத்தார். அந்த முறை அம்மையாரே உள்ளே அழைத்துப் பரிமாறினார்.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் ஈட்டுத்தொகை தர இயலாதோர், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்தறிவு தந்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்பிப்பவர் எத்தரப்பினர் என்பது அங்கே தடையாகவில்லை.

இவ்விடத்தில் என் குறை ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். நானும் அறிவியல் ஆசிரியனாக இருந்தவன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு மீனவர் வீட்டுப் பையன் எழுந்து, "ஐயா, புரியவில்லை" என்றான். பாடப்பகுதியை முடிக்கும் அவசரத்தில் நான் அவனை அதட்டி உட்கார வைத்தேன். அதன்பின் அவன் கேள்வி கேட்கவே இல்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கும் வரவில்லை; தந்தையுடன் வலைக்குப் போய்விட்டான். கலாம் சொன்ன அதே சொல்லைத்தான் அவனும் சொன்னான். நான்தான் ஐயராக இல்லை.

நமக்குக் கரைக்கும் பஞ்சமில்லை, பாடத்துக்கும் பஞ்சமில்லை. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஏரியில் பாடு குறைவது ஏன் என்பதற்கு இதுவே விளக்கம். இதை நம் பிள்ளைகள் புத்தகம் திறப்பதற்கு முன்பே பாதி அறிந்திருக்கிறார்கள்.

நமதூர்ப் பள்ளிவாசலின் நிழற்கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். நிழல் காட்டும் நண்பகலும் கைக்கடிகாரத்தின் பன்னிரண்டு மணியும் ஏன் ஒத்துப்போவதில்லை? இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நாம் ஏறத்தாழ 80.3 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே சூரியன் நமக்குச் சராசரியாக 9 நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகிறது. லுஹர் நேரம் ஆண்டு முழுவதும் சற்றே முன்பின்னாக நகர்வதற்குப் பூமியின் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் காரணங்கள். ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் நடத்தக்கூடிய பாடம் அந்தக் கல்லில் இருக்கிறது!

"வாத்தியார் வேலையில் என்ன வருமானம்?" என்று கேட்கும் பெற்றோரை அறிவேன். வெளிநாட்டு வேலைக்குக் கடன் வாங்கியாவது அனுப்புகிறோம். மகளோ மகனோ பி.எட். படிக்க விரும்பினால் யோசிக்கிறோம். குடியரசுத் தலைவராவதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் கலாம். 2007-இல் பதவி முடிந்ததும் மீண்டும் மாணவர்களிடமே சென்றார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நிர்வாகத்தாரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். கல்வி உதவித்தொகையில் ஒரு பங்கை, அறிவியல் பட்டம் முடித்து ஆசிரியர் பயிற்சிக்குச் செல்ல விரும்பும் நம் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் படித்து வரும்வரை, ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் ஏரிக்கரையில் வகுப்பு எடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். கட்டணம் இல்லை. வலைக்குப் போகும் பிள்ளைகளும் வரலாம். புரியவில்லை என்று எத்தனை முறையும் சொல்லலாம்.

வஸ்ஸலாம்.