மும்மொழிக் கல்லும் அல்லைப்பிட்டி ஓடுகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சீன தேசத்துக்கும் நமக்கும் இருந்த பழந்தொடர்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச முன்வந்துள்ளோம். சீனம் எங்கே, கோப்பாய் எங்கே என்று சிலர் எண்ணலாம். நாம் தேநீரில் இடும் சீனியும், பண்டிகை நாளிற் பிள்ளைகள் கொளுத்தும் சீனவெடியும், நாட்டு வைத்தியர் கேட்கும் சீனக்காரமும் அந்நாட்டின் பெயரைத் தாங்கியே நம் வீடுகளில் வழங்குகின்றன. பெயர் வந்த வழியே பொருளும் வந்தது. பொருளோடு மனிதரும் வந்தனர். அவ்வரவுக்குக் கல்லிலே எழுதிய சான்று ஒன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. சங்க அங்கத்தவராகிய நாம் அதனை நேரிற் சென்று கண்டோம்.

1877 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அந்த நூதனசாலையில் காணத்தக்கவை பல. ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது ஒரு கற்பலகையே. உயரம் ஏறக்குறைய நாலேமுக்கால் அடி. அகலம் இரண்டரை அடி. கனம் ஐந்து அங்குலம். உச்சியிலே இரண்டு சீனப் பறவைநாகங்கள் எதிரெதிராக நிற்கின்றன. வலப்புறத்திலே சீனம், இடப்புறத்தின் மேற்பாதியிலே தமிழ், அதன் கீழே பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

இக்கல்லை அனுப்பியவர் மிங் வம்சத்து யொங்லே சக்கரவர்த்தி. கொண்டுவந்தவர் செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவர். 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங்கப்பற் கூட்டத்தோடு இந்து சமுத்திரத்துக்கு அனுப்பப்பட்டவர் அவர். கல்லிற் குறித்த தேதி 1409 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துக்கு ஒத்தது. சீனப் பகுதி புத்தபகவானைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாம் மார்க்கத்தைச் சார்ந்தது. தமிழ்ப் பகுதியோ தென்னாவரை நாயனாரைப் போற்றிக் காணிக்கை செலுத்துகின்றது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டுச் சுருள்கள், தூபக்கால்கள், பூச்சாடிகள், எண்ணெய், சந்தனம் எனக் காணிக்கைகள் நீளுகின்றன. மூன்று பகுதிகளிலும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றேயாகும். ஒருவருக்குக் கூட்டி மற்றவருக்குக் குறைக்கவில்லை. செங் ஹோ பிறப்பால் முஸ்லிம் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தென்னாவரை என்பது மாத்தறைக்கு அண்மையிலுள்ள தேவேந்திரமுனை. சிங்கள மக்கள் உபுல்வன் என வழிபட்டதும், திருமாலாகக் கொள்ளப்பட்டதுமான தெய்வத்தின் பெருங்கோயில் அங்கே இருந்தது. 1344 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த இபுனு பத்தூத்தா என்னும் யாத்திரிகர் அதன் செல்வத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கின்றார். 1588 இல் போர்த்துக்கேயர் அதனை இடித்தழித்தனர். கோயில் போயிற்று, அதற்கு வந்த காணிக்கையின் கணக்கு மாத்திரம் கல்லிலே நின்றது.

அந்தக் கல்லுக்கும் நற்காலம் இருக்கவில்லை. காலி நகரிலே ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்த அதனை, 1911 ஆம் ஆண்டிலே பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதுவரை அதன்மேல் எத்தனை வண்டிகள் ஓடினவோ! பின்னர்க் கலாநிதி பரணவிதான அதன் தமிழ்ப் பகுதியை ஆராய்ந்து வெளியிட்டார்.

அன்பர்களே, இக்கல்லை வைத்து வீண்பெருமை பேசுதல் தகாது. தமிழ் அதில் இடம்பெற்றது, இக்கடற்கரைகளில் வாணிகம் செய்தோர் வழங்கிய மொழி அதுவாகையால் என்பர் அறிஞர். அது பிறரை இகழக் கிடைத்த ஆயுதம் அன்று. செங் ஹோவின் வரவு முழுவதும் அன்பின் வரவு என்றும் சொல்லற்க. 1411 அளவிலே அவர் அழகக்கோனார் குலத்து ஆட்சியாளரோடு போரிட்டு, அவரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றார். காணிக்கை கொடுத்த கையே வாளையும் ஏந்தியது. இரண்டையும் சேர்த்து அறிவதே சரித்திர அறிவாகும்.

நம்மவரும் சீனத்துக்குச் சென்றனர். அங்கே சுவான்சௌ என்னும் துறைமுகத்திலே 1281 ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. சிவபெருமானுக்குத் திருமேனி எழுந்தருளுவித்த செய்தி அதில் உண்டு. சிவலிங்கத்தை யானை பூசிக்கும் சிற்பம் ஒன்றும் அந்நகரிற் கிடைத்தது. திருவானைக்காப் புராணம் கேட்ட நமக்கு அதற்கு விளக்கம் வேண்டுமோ?

இனி நம் குடாநாட்டுக்கு வருவோம். அல்லைப்பிட்டியிலே 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆராய்ச்சியாளர் அகழ்ந்தபோது, சொங் வம்சக் காலத்துச் சீனக் கலங்களின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அவை பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்னும் காலத்தவை. அதாவது செங் ஹோவுக்கு முந்நூறு ஆண்டு முற்பட்டவை. 2018 இல் சாங்காய் நூதனசாலையினரும் அங்கு வந்து அகழ்ந்தனர். நாம் குப்பையென்று காலால் தள்ளும் ஓட்டைத் தேடி அவர்கள் கடல் கடந்து வந்தார்கள் என்பதைச் சிந்தியுங்கள்.

நமது மட்பாண்டம் செம்மண் நிறமாய், நீரைக் கசியவிடுவதாய் இருக்கும். சீனக் கலமோ வெண்மையோ இளம்பச்சையோ கலந்த மெருகு பூண்டிருக்கும். உடைந்த வாய் இறுகி நெருங்கியிருக்கும். தட்டினால் ஓசை தெளிவாய்க் கேட்கும். கிணறு வெட்டுமிடத்தும், தோட்டங் கொத்துமிடத்தும், அத்திவாரம் தோண்டுமிடத்தும் இவ்வித ஓடோ, எழுத்துக் கல்லோ, காசோ தென்பட்டால், எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்றுவிடாதீர்கள், 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் அதனைத் தடுக்கின்றது. தொல்பொருட் திணைக்களத்துக்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆசிரியர்களுக்கோ அறிவியுங்கள். இடம் தெரியாத ஓடு ஊமை. இடம் தெரிந்த ஓடு பேசும்.

1560 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் பின்வாங்கி வந்தது நமது கோப்பாய்க் கோட்டைக்கே. அக்கோட்டை எங்கே இருந்ததென்று நம் பிள்ளைகளிற் பலருக்குத் தெரியாது. யுத்தத்திலும் இடப்பெயர்விலும் எத்தனையோ ஏடுகளையும் பொருள்களையும் இழந்த நாம், எஞ்சியிருப்பதை அசட்டையால் இழப்பது அடாது. பெரியோர்களே, நீங்கள் அறிந்த இடங்களையும் கேட்ட செய்திகளையும் சொல்லுங்கள். வாலிபர்களே, கேட்டு எழுதி வையுங்கள். வருகின்ற ஆண்டிலே அக்குறிப்புக்கள் இம்மலரில் வெளிவருமாயின் அதுவே இச்சங்கம் ஊருக்குச் செய்யும் நற்பணியாகும்.